பின்வாங்காத சக்கரம்



இரண்டே உறுப்புகள் கொண்ட ஒரு சிறு பொறியைப் பற்றி இன்று உங்களோடு பேச விரும்புகிறேன். ஒன்று, விளிம்பில் சாய்ந்த பற்களையுடைய சக்கரம். மற்றொன்று, அப்பற்களின்மேல் படிந்து கிடக்கும் சிறிய இரும்புத் துண்டு. சக்கரத்தை ஒரு திசையில் சுழலவிட்டு, மறு திசையில் சுழலவொட்டாமல் தடுப்பது இப்பொறியின் தொழில். ஆங்கிலத்தில் இதற்கு ராட்செட் என்று பெயர். நம் ஊர்ப் பட்டறைகளிலும் அப்பெயரே வழங்குகிறது. இத்துணை எளிய பொருளைப் பற்றிப் பேசுவதற்கு என்ன இருக்கிறது என்று நீங்கள் எண்ணக்கூடும். நானும் பதினாறு வயது வரை அவ்வாறே எண்ணியிருந்தேன். அவ்வெண்ணம் மாறிய கதையைச் சற்றுப் பொறுத்துச் சொல்கிறேன்.

எனது ஊர் திருவாமாத்தூர். விழுப்புரத்துக்கு வடமேற்கே ஆறேழு கிலோமீட்டர் தொலைவில், பம்பையாற்றின் கரையில் உள்ளது. மூவராலும் பாடப்பெற்ற அபிராமேசுவரர் திருக்கோயில் அங்கே இருப்பதால், ஊரின் பெயரை உங்களுள் சிலர் அறிந்திருப்பீர்கள். கொம்பில்லாத பசுக்கள் இறைவனை வழிபட்டுக் கொம்பு பெற்ற தலம் என்று எங்கள் ஊர்ப் பழங்கதை கூறும். பம்பை ஆண்டின் பெரும்பகுதி மணலாகவே கிடக்கும் ஆறு. 1970களில், நான் சிறுவனாக இருந்தபோது, கரும்பும் மணிலாக்கொட்டையும் ஏற்றிய மாட்டு வண்டிகள் அந்த மணலில் இறங்கி மறுகரை ஏறிச் செல்லும். இறங்குவது எளிது. ஏறுவதுதான் பெரும்பாடு. கரையின் சரிவு செங்குத்தானது. மணலோ சக்கரத்தை விழுங்குவது. எத்துணை வலிய காளைகளாயினும் ஒரே மூச்சில் ஏறிவிட மாட்டா.

அதற்காகவே ஒவ்வொரு வண்டியின் பின்னும் ஒரு சிறுவன் கையில் மரக்கட்டையுடன் நடப்பான். எங்கள் வண்டிக்கு அச்சிறுவன் நான். காளைகள் மூச்சைப் பிடித்து நான்கடி இழுக்கும், நின்றுவிடும். நின்ற அக்கணமே வண்டி பின்னோக்கி உருளத் தலைப்படும். அதற்குள் நான் கட்டையைச் சக்கரத்தின் பின்னே இட்டுவிட வேண்டும். வண்டி கட்டையின்மேல் சாய்ந்து நிற்கும். காளைகள் நுகத்தடியின் பாரம் தளர்ந்து இளைப்பாறும். மீண்டும் நான்கடி, மீண்டும் கட்டை. இவ்வாறு ஏழெட்டு முறையில் கரை ஏறிவிடுவோம். ஒருமுறை நான் கட்டையை இடத் தவறினேன். ஏறிய தொலைவு முழுவதும் வீணாகி, வண்டி ஆற்றுமணலுக்கே திரும்பிவிட்டது. என் தந்தையார் ஒன்றும் சொல்லவில்லை. காளைகளைத்தான் தடவிக்கொடுத்தார். அதுவே எனக்குப் போதுமானதாக இருந்தது.

அக்கட்டைக்கு முட்டுக்கட்டை என்று பெயர். தேரோடும் வீதிகளிலும் அதனைக் கண்டிருப்பீர்கள். தேரின் திசையைத் திருப்பவும், வேகத்தை அடக்கவும், சக்கரத்தின் அடியில் கட்டை இடுவதில் கைதேர்ந்தவர்கள் உண்டு. பேச்சு வழக்கிலோ இச்சொல்லுக்கு நல்ல பெயர் இல்லை. நல்ல காரியத்துக்கு ஒருவர் தடை செய்தால், முட்டுக்கட்டை போடுகிறார் என்கிறோம். வண்டியின் முன்னே இட்டால் அது தடைதான். பின்னே இட்டாலோ அதுவே துணை. எந்தப் பக்கம் இடுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

ராட்செட் என்பது, சிறுவன் தேவைப்படாத முட்டுக்கட்டை. சக்கரத்தின் விளிம்பில் வெட்டப்பட்ட பல் ஒவ்வொன்றுக்கும் இரு முகங்கள் உண்டு. ஒரு முகம் மெல்லச் சரிந்து ஏறும். மறு முகம் சுவர்போல் செங்குத்தாக நிற்கும். ரம்பத்தின் பல்லை நினைத்துக்கொள்ளுங்கள். சக்கரம் முன்னோக்கிச் சுழலும்போது, மேலே கிடக்கும் இரும்புத் துண்டு சரிவான முகத்தில் வழுக்கி ஏறி, உச்சியைத் தாண்டி, அடுத்த பள்ளத்தில் கடக்கென்று விழும். பின்னோக்கிச் சுழல முயன்றால், செங்குத்தான முகம் இத்துண்டின் முனையில் மோதி நின்றுவிடும்.

இத்துண்டுக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயரைத் தமிழில் எழுதினால் பால் என்றே எழுத வேண்டியிருக்கும். பசுக்களின் பெயரையே தாங்கிய ஊரில் பிறந்தவன் ஓர் இரும்புத் துண்டைப் பால் என்று சொன்னால் கேட்பவர் நகைப்பர். ஆகவே, கிணறு வெட்டும் மேஸ்திரி ஒருவர் எனக்குக் கற்பித்த சொல்லையே இப்பேச்சில் கையாளுகிறேன். அவர் அதனை நாக்கு என்பார்.

இவ்விடத்தில் எங்கள் ஊரைப் பாடிய இரட்டைப் புலவர் நினைவுக்கு வருகின்றனர். திருவாமாத்தூர்க் கலம்பகம் அவ்விருவரும் இயற்றியது. ஒருவருக்குக் கண் இல்லை; மற்றவருக்குக் கால் இல்லை. கண்ணில்லாதவர் சுமந்து நடப்பார்; தோளின்மேல் அமர்ந்தவர் வழி காட்டுவார். எங்கள் பொறியிலும் சக்கரத்துக்குத் திசை தெரியாது. எப்பக்கம் தள்ளினாலும் அப்பக்கம் ஓடும். நாக்குக்கு ஓடத் தெரியாது. ஆனால் திசை தெரியும். இரண்டும் சேர்ந்தால்தான் பயணம்.

இனிக் கிணற்றுக்கு வருவோம். 1982ஆம் ஆண்டு மழை பொய்த்தது. 1983 கோடையில், அன்றைய தென்னார்க்காடு மாவட்டத்தின் பல ஊர்களைப் போலவே எங்கள் ஊரிலும் கிணறுகள் அடி தெரிய வறண்டன. எங்கள் கிணற்றை ஆழப்படுத்துவதென்று வீட்டில் முடிவு செய்தனர். அப்போதே அது நாற்பதடி ஆழம், அதாவது 12 மீட்டர். கீழே பாறை. மேஸ்திரியும் அவருடைய ஆட்கள் நால்வரும் வந்தனர். கிணற்றின் வாயருகே மரச் சட்டம் நாட்டி, அதன்மேல் கைவிசையால் சுற்றும் ஓர் உருளையைப் பொருத்தினர். உருளையின் இரு முனைகளிலும் கைப்பிடிகள். உருளையில் சுற்றிய எஃகு வடம் ஒரு கப்பியின்மேல் ஏறிக் கிணற்றுக்குள் தொங்கும். வடத்தின் முனையில் இரும்புத் தொட்டி. கீழே பெயர்த்த கல்லைத் தொட்டியில் நிரப்புவர்; மேலே இருவர் கைப்பிடியைச் சுற்றுவர். உருளையின் ஒரு பக்கத்தில் பன்னிரண்டு பற்களையுடைய சக்கரமும், அதன்மேல் நாக்கும் இருந்தன. நாள் முழுவதும் அது கடக் கடக்கென்று ஒலித்துக்கொண்டே இருக்கும்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். உருளையின் ஆரம் 10 சென்டிமீட்டர், கைப்பிடியின் நீளம் 40 சென்டிமீட்டர் என்று கொள்வோம். தொட்டியும் கல்லும் சேர்ந்து 100 கிலோ. உராய்வை விட்டுவிட்டால், கைப்பிடியில் 25 கிலோ எடைக்குச் சமமான விசை வேண்டும். ஆளுக்குப் பன்னிரண்டரை கிலோ. இது பெரிதன்று. ஆனால் நாற்பதடி ஏற்றும்வரை, நடுவே ஒரு நொடியும் கையை எடுக்க இயலாது என்றால் அது பெரிது. நீங்கள் பாடத்தில் படித்திருப்பீர்கள்: விசையை அது நகர்த்திய தொலைவால் பெருக்கக் கிடைப்பது வேலை. சுமை அசையாமல் நிற்கும்போது, அதைத் தாங்குபவர் இயற்பியல் கணக்கின்படி எவ்வேலையும் செய்வதில்லை. ஆயினும் அவர் கை நடுங்குகிறது, வியர்க்கிறது. தசை என்பது சும்மா பிடித்துக்கொண்டிருப்பதற்கும் உணவைச் செலவிடுகின்ற ஒரு கருவி. இரும்பு அப்படியன்று. நாக்கு சுமையை ஒரு நொடி தாங்கினாலும் ஓராண்டு தாங்கினாலும் அதற்குக் கூலி வேண்டா. மனிதன் உயர்த்துவான், இரும்பு பிடித்துக்கொள்ளும். இவ்வேலைப் பங்கீடுதான் ராட்செட்டின் பயன் முழுவதும் என்பது என் கருத்து.

தொட்டி கிணற்றின் வாயைத் தாண்டி மேலே வந்ததும், அதன் அடியில் ஒரு பலகையைத் தள்ளி, தொட்டியைப் பலகைமேல் இறக்க வேண்டும். இறக்க வேண்டுமானால் நாக்கை எடுக்க வேண்டும். அன்று ஒரு கைப்பிடியில் என் சிற்றப்பா, மற்றொன்றில் நான். தொட்டி மேலே வந்து நின்றது. நாக்கு பல்லில் விழுந்து சுமையைத் தாங்கியதைக் கேட்ட சிற்றப்பா, கைப்பிடியை விட்டுவிட்டுத் துண்டால் முகத்தைத் துடைத்தார். அது தவறன்று, நாக்கு இருப்பதே அதற்காகத்தான். நானோ பலகை வந்துவிட்டதென்று எண்ணி நாக்கைத் தூக்க முயன்றேன். அது அசையவில்லை. சுமை முழுவதும் அதன்மேல் இருந்தது. அவசரத்தில் பக்கத்தில் கிடந்த கடப்பாரையை எடுத்து நாக்கின் அடியில் கொடுத்து நெம்பினேன். நெடுநாள் உழைத்துப் பற்களின் முனை மழுங்கியிருந்த சக்கரம் அது. நாக்கு தெறித்து வெளியே வந்தது.

அடுத்து நிகழ்ந்ததை நான் கண்ணால் கண்டேன் என்று சொல்ல இயலாது; காதால்தான் கேட்டேன். உருளை அலறியது. பலகை சிதறியது. சுழன்று வந்த கைப்பிடி சிற்றப்பாவின் முன்கையில் விழுந்தது. பிறகு கிணற்றின் அடியிலிருந்து ஓர் ஓசை வந்தது. அதன்பின் ஓசையே இல்லை. கிணற்றை எட்டிப் பார்க்க எனக்குத் துணிவில்லை. மேஸ்திரிதான் குனிந்து குரல் கொடுத்தார். கீழிருந்து இருவரும் பதில் குரல் கொடுத்தனர். தொட்டி மேலே ஏறி இறங்கும் நேரம் முழுவதும் கீழே உள்ளவர்கள் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டும் என்பது அவருடைய கண்டிப்பான கட்டளை. அக்கட்டளைதான் அன்று இரண்டு உயிர்களைக் காத்தது. சிற்றப்பாவை விழுப்புரத்துக்கு அழைத்துச் சென்று மாவுக்கட்டுப் போட்டோம். எலும்பு கூடியது, ஆனால் சற்றே வளைந்து கூடியது. அவர் இருந்த நாள்வரை அக்கையால் சட்டைப் பொத்தானை மாட்டும்போதெல்லாம் நான் வேறு பக்கம் பார்ப்பேன்.

மேஸ்திரி என்னைத் திட்டவில்லை. மறுநாள் சக்கரத்தை மாற்றிப் பொருத்திய பிறகு, என்னை அருகே அழைத்தார். “தம்பி, முதல்ல சுமையை நீ வாங்கணும். அப்புறந்தான் நாக்கைத் தொடணும்” என்றார். பிறகு கைப்பிடியைப் பிடித்துச் சற்றே மேல்நோக்கி, ஏற்றும் திசையிலேயே, விரற்கடை அளவு சுற்றிக் காட்டினார். நாக்கு தானாகவே தளர்ந்து ஆடியது. ஒற்றை விரலால் அதைத் தூக்கி ஒதுக்கினார். சுமை இப்போது அவர் கையில் இருந்தது. அதன்பின் மெல்ல மெல்லக் கீழே இறக்கினார்.

அன்று அவர் சொன்னது எவ்வளவு பெரிய இயந்திரப் பாடம் என்பதைக் கல்லூரியில் படித்தபோதுதான் அறிந்தேன். நல்ல ராட்செட்டில், நாக்கு சுழலும் ஆணியின் இடமும் பல்லின் முகச் சாய்வும் ஒரு கணக்கோடு அமைந்திருக்கும். சுமை பல்லை அழுத்தும்போது, அவ்வழுத்தம் நாக்கை வெளியே தள்ளாமல் சக்கரத்தை நோக்கி உள்ளே இழுக்குமாறு அமைப்பர். சுமை கூடக் கூட நாக்கு மேலும் இறுகப் பதியும். ஆகவே சுமையோடு இருக்கும் நாக்கை எளிதில் எடுக்க முடியாமை அதன் குறையன்று. அதுவே அதன் குணம். எடுக்க முடிந்துவிட்டால்தான் ஐயப்பட வேண்டும். பல் தேய்ந்திருக்கிறது என்று பொருள்.

இன்னொரு கணக்கும் அன்றைய நிகழ்ச்சிக்குள் இருக்கிறது. பன்னிரண்டு பல் என்றால், ஒரு பல்லுக்கும் அடுத்த பல்லுக்கும் இடையே 30 பாகை. சுற்றுபவர் கை தவறினாலும், சக்கரம் அதிகமாகப் போனால் 30 பாகைதான் பின்வாங்கும். 10 சென்டிமீட்டர் ஆரமுள்ள உருளையில் அது ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் வடம். சுமை 5 சென்டிமீட்டர் விழுந்து நின்றுவிடும். நாக்கு இல்லையேல் 12 மீட்டர் விழும். 5 சென்டிமீட்டர் வீழ்ச்சியில் 100 கிலோ சுமை பெறும் ஆற்றல் சுமார் 50 ஜூல். 12 மீட்டரில் அதைப்போல் 240 மடங்கு, அதாவது கிட்டத்தட்ட 12,000 ஜூல். உருளையின் சடத்துவத்தையும் உராய்வையும் விட்டுவிட்டால், அடியை எட்டும்போது வேகம் நொடிக்கு 15 மீட்டருக்கும் மேல். மணிக்கு 55 கிலோமீட்டர். பற்களை இன்னும் நெருக்கமாக வெட்டினால் பின்வாங்கும் தொலைவு இன்னும் குறையுமே என்று நீங்கள் கேட்கலாம். உண்மைதான். ஆனால் பல் சிறிதானால் அதன் வலிமையும் குறையும். பெருஞ்சுமை தூக்கும் பொறிகளில் பெரிய பற்களையே வைத்து, ஒன்றுக்குப் பதிலாக இரண்டு நாக்குகளை, ஒன்று பல்லில் விழும்போது மற்றது பாதி வழியில் நிற்குமாறு பொருத்துவதுண்டு. பல் பன்னிரண்டேயாயினும், பிடி இருபத்து நான்கு இடங்களில் கிடைக்கும்.

மேஸ்திரியின் பாடத்தை நீங்கள் கார்களிலும் காணலாம். கைநெம்பினால் இழுக்கும் பிரேக் உள்ள கார்களில், நெம்பை மேலே இழுக்கும்போது எழும் கடகட ஒலி, நாக்கு பல் பல்லாகத் தாண்டும் ஒலிதான். விடுவிக்கும்போது முனையிலுள்ள பொத்தானை அழுத்த வேண்டும். பொத்தான் இறுகிக்கொண்டால் வலுவாக அழுத்துவதில் பயனில்லை. நெம்பைச் சற்றே மேலே இழுத்துக்கொண்டு அழுத்தினால் உடனே இறங்கும். சுமையை முதலில் வாங்குதல் என்பது இதுவே.

அதே காரில் உயிர் காக்கும் வேறொரு ராட்செட்டும் மறைந்திருக்கிறது. அது இருக்கைப் பட்டையில் உள்ளது. பட்டையை மெல்ல இழுத்தால் வருகிறது. வெடுக்கென்று இழுத்தால் நின்றுவிடுகிறது. பட்டை சுருண்டிருக்கும் உருளையின் பக்கத்தில் பற்கள் உள்ளன. ஆனால் இங்கே நாக்கு எப்போதும் பல்லின்மேல் கிடப்பதில்லை, ஒதுங்கியே நிற்கும். அடியில் ஒரு சிறு குழியில் எஃகுக் குண்டு ஒன்று அமர்ந்திருக்கும். கார் திடீரென வேகம் இழந்தால், குண்டு தன் பழைய வேகத்திலேயே முன்னோக்கி உருண்டு குழியின் சரிவில் ஏறி, மேலுள்ள சிறு நெம்பைத் தூக்கிவிடும். அந்நெம்பு பல்லைப் பற்ற, உருளை பூட்டிக்கொள்ளும். நியூட்டனின் முதல் விதியைக் காவலுக்கு வைத்த ராட்செட் என்று இதனைக் கூறலாம். எங்கள் ஊர்ப்பக்கம் செல்லும் சென்னை–திருச்சி நெடுஞ்சாலையில் பயணம் செய்வோர் பட்டையை மாட்டாமல் முதுகுக்குப் பின்னே தள்ளி வைத்திருப்பதைப் பார்க்கும்போதெல்லாம், தெறித்து வெளியே வந்த அந்த நாக்கு என் கண்முன் நிற்கிறது.

இதுவரை பிடித்துக்கொள்ளும் நாக்கைப் பற்றியே பேசினேன். தள்ளும் நாக்கும் உண்டு. விழுப்புரத்துக்கு அருகிலுள்ள சிறுவந்தாடு பட்டு நெசவுக்குப் பெயர்பெற்ற ஊர். கைத்தறியின் முன்னால், நெய்த துணி சுருளும் உருளையின் முனையைப் பாருங்கள். அங்கே பற்சக்கரமும் நாக்கும் இருக்கும். ஒரு சாண் நெய்ததும் நெசவாளர் பாவைச் சற்றுத் தளர்த்தி, நெய்த பகுதியைச் சுருட்டுவார். சுருட்டியது பின்வாங்காமல் நாக்கு பிடித்துக்கொள்ளும். பாவின் விறைப்பு கெட்டால், ஊடையிழைகள் ஓரிடத்தில் நெருங்கியும் ஓரிடத்தில் விலகியும் விழும்; பட்டின் விலை அங்கேயே பாதியாகிவிடும். விசைத்தறியில் இவ்வேலையை ஆளுக்காகக் காத்திராமல் தறியே செய்துகொள்கிறது. ஒவ்வொரு முறை ஊடையிழை ஓடும்போதும், ஆடும் நெம்பு ஒன்று தன் முனையிலுள்ள நாக்கால் பற்சக்கரத்தை ஒரு பல் தள்ளும். இன்னொரு நாக்கு அது திரும்பாமல் பிடித்துக்கொள்ளும். முன்னும் பின்னுமாக ஆடும் அசைவை ஒரே திசைச் சுழற்சியாக மாற்றுவது இந்த இணை. அங்குலத்துக்கு எத்தனை இழை என்பதைப் பற்களின் எண்ணிக்கையே தீர்மானிக்கிறது. சாவி கொடுக்கும் பழைய சுவர்க் கடிகாரத்தில் வில்லைப் பிடித்து வைப்பதும், மெக்கானிக்கின் ராட்செட் ஸ்பானர் இடுக்கில் கை திரும்பாமலே மறையை முடுக்குவதும், லாரியில் சரக்கைப் பட்டையால் இறுக்கிக் கட்டுவதும் இதன் கிளைகளே. பற்களை வட்டமாக வெட்டாமல் நேர்ச்சட்டத்திலும் வெட்டலாம். மின்கம்பிகளைச் சேர்த்துக் கட்டும் பிளாஸ்டிக் பட்டை அவ்வகை. பண்டைக் கிரேக்கரின் வில்பொறி ஒன்றைப் பற்றி அலெக்சாந்திரியாவின் ஹீரோன் எழுதியிருக்கிறார். வீரன் அதன் பின்முனையை வயிற்றால் அழுத்தித் தள்ளத் தள்ள, நாண் பல் பல்லாகப் பின்வாங்கிப் பூட்டிக்கொள்ளும். எங்கள் காளைகள் கரை ஏறிய முறைதான் அது.

கல்லூரி மாணவர்களுக்காக ஒரு புதிரையும் இங்கே கூற வேண்டும். காற்றின் மூலக்கூறுகள் ஓயாமல் எல்லாத் திசைகளிலும் பாய்ந்துகொண்டிருக்கின்றன. கண்ணுக்குத் தெரியாத அளவு நுண்ணிய ராட்செட் ஒன்றைச் செய்து, அதன் அச்சில் சிறு விசிறி ஒன்றைப் பொருத்தினால் என்ன ஆகும்? மூலக்கூறுகள் விசிறியை இருபுறமும் மோதும். நாக்கு ஒரு புறச் சுழற்சியை மட்டும் அனுமதிக்கும். அப்படியானால் சக்கரம் செலவின்றி ஒரே திசையில் சுழன்று, எறும்பையாவது தூக்க வேண்டுமல்லவா? போலந்து நாட்டு இயற்பியலறிஞர் மரியான் ஸ்மோலுகோவ்ஸ்கி 1912இல் இவ்வினாவை ஆராய்ந்தார். 1962இல் கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் ரிச்சர்ட் ஃபைன்மன் தம் மாணவர்களுக்கு ஒரு விரிவுரை முழுவதையும் இதற்கே ஒதுக்கினார். விடை, சுழலாது என்பதே. ஏனெனில் அத்துணை நுண்ணிய நாக்கும் அதே வெப்பத்தில் இருக்கிறது, அதுவும் நடுங்குகிறது. நடுங்கும் நாக்கு அவ்வப்போது தானே பல்லைவிட்டு எழும்பும். அந்நேரம் பார்த்துச் சக்கரம் பின்வாங்கிவிடும். முன்னேறியதும் பின்வாங்கியதும் சராசரியில் சரியாகப் போகும். விசிறி இருக்கும் இடத்தைவிட நாக்கு இருக்கும் இடம் குளிர்ச்சியாக இருந்தால் மட்டுமே சக்கரம் முன்னேறும். அப்போது அது வெப்ப எஞ்சின் ஆகிவிடுகிறது. அதற்குரிய விலையையும் வெப்ப இயக்கவியலின் இரண்டாம் விதிப்படி செலுத்திவிடுகிறது. கிணற்று மேட்டில் நூறு கிலோவுக்கு முன் நடுங்காத நாக்கு, மூலக்கூறு அளவில் நடுங்கும் என்பதை எண்ணும்போது எனக்கு இன்றும் வியப்பு அடங்குவதில்லை.

நேரம் முடியப்போகிறது. உங்கள் எல்லோர் வீட்டிலும் இருக்கக்கூடிய ராட்செட்டைச் சொல்லாமல் முடிப்பது முறையாகாது. மிதிவண்டியின் பின்சக்கரத்தில் சங்கிலி ஓடும் சிறு பற்சக்கரத்தைப் பிரீவீல் என்போம். அதற்கு வெளியே தெரியும் பற்கள் சங்கிலிக்கானவை. உள்ளேயும் பற்கள் உண்டு. நடுவிலுள்ள உடலில் பெரும்பாலும் இரண்டு நாக்குகள், மெல்லிய வில்லால் வெளிநோக்கித் தள்ளப்பட்டு, அவ்வுட்பற்களில் பதிந்திருக்கும். கிணற்று உருளையில் நாக்கு தன் எடையாலேயே விழுந்தது. இங்கே நாக்கு சக்கரத்தோடு சேர்ந்து தலைகீழாகவும் சுற்றுவதால் அதற்கு வில் வேண்டும். நீங்கள் மிதித்தால் உட்பற்கள் நாக்குகளைப் பிடித்துத் தள்ளிச் சக்கரத்தை ஓட்டும். மிதிப்பதை நிறுத்தினால், சக்கரம் முந்திக்கொண்டு ஓட, நாக்குகள் பற்களின்மேல் வழுக்கிச் செல்லும். இறக்கத்தில் நீங்கள் கேட்கும் கிரக் கிரக் ஒலி அதுவே. இது இல்லாத பழங்காலச் சைக்கிள்களில், இறக்கத்திலும் கால்கள் சுழன்றுகொண்டே இருக்க வேண்டும். கிரீஸ் காய்ந்து கெட்டியாகி நாக்கு உள்ளே ஒட்டிக்கொண்டால், எவ்வளவு மிதித்தாலும் வண்டி நகராது. சைக்கிள் கடைக்காரர் சிறிது மண்ணெண்ணெய் விட்டுக் கழுவினால் நாக்கு மீண்டும் எழும்பிவிடும்.

நாளைக் காலையில் மிதிவண்டியை ஸ்டாண்டில் நிறுத்துங்கள். பின்சக்கரத்தை ஒருவர் அசையாமல் பிடித்துக்கொள்ளட்டும். பிரீவீலின் ஓரிடத்தில் சுண்ணாம்பால் ஒரு புள்ளி வையுங்கள். மிதிகட்டையைப் பின்னோக்கி மெல்ல, மிக மெல்லச் சுற்றி, அப்புள்ளி ஒரு முழுச் சுற்று வருவதற்குள் எத்தனை முறை ஒலி எழுகிறது என்று எண்ணுங்கள். இரு நாக்குகளும் ஒரே நேரத்தில் விழுகின்ற பிரீவீலாயின், அந்த எண்ணே உட்பற்களின் எண்ணிக்கை. ஒன்றன்பின் ஒன்றாக விழுகின்றதாயின் அதில் பாதி. உங்களுடையது எவ்வகை என்பதை, பிரீவீலைக் கழற்றாமல், காதால் கேட்டே கண்டுபிடிக்க முடிகிறதா என்று பாருங்கள்.